வியாழக்கிழமைகளில் ஒருவரும் சாகவில்லை

போரில் பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று நாட்டின் தலைவர் வானொலியில் சொன்ன வியாழக்கிழமை, அடுப்படிகளில் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கண்டல்முனையில் செத்துப்போன நானூற்று எழுபத்தொரு பேரும் கடற்கரை மணல் பாதையால் வீடு திரும்பினார்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைப் போலத்தான் வந்தார்கள். அவசரமும் இல்லை, களைப்பும் இல்லை. அவரவர் படலையை அவரவர் திறந்து, அவரவர் முற்றத்தில் கால் வைத்து, உள்ளே போனார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் மயங்கி விழவில்லை. கடந்த சில வருடங்களில் எங்களுக்கு நடக்காதது என்று ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை, ஆகவே இதுவும் நடக்கும் என்று எடுத்துக்கொண்டோம். பெண்கள் இன்னொரு சுண்டு அரிசியைக் கழுவிப் போட்டார்கள், ஆண்கள் அயலுக்குப் போய்ப் பாய் இரவல் கேட்டார்கள். பின்னேரத்துக்குள் ஊரில் பாய் தட்டுப்பாடாகிவிட்டது.

தலைவர் பொய் சொன்னார் என்கிறீர்கள். சொன்னார்தான். ஆனால் அந்தப் பொய்யை அவர் எங்கே எடுத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் எடுத்தார். நான் இந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், பெயர் குணநாயகம். போரின் கடைசி ஐந்து மாதங்கள், எங்களை மீட்க வருகிறோம் என்று ஒரு பக்கம் செல் குண்டு அடித்துக்கொண்டும், உங்களுக்காகத்தான் சண்டை பிடிக்கிறோம் என்று மறுபக்கம் எங்களைப் போக விடாமல் மறித்துக்கொண்டும் இருந்த காலத்தில், கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவில் ஒரு முழத் துண்டு மணலில், தறப்பாள் கொட்டிலின் கீழே, நிவாரண அரிசியை அளந்தும் கஞ்சியாய்க் காய்ச்சியும் கொடுத்தவன் நான். உங்களில் இத்தனை பேர் இல்லை என்று சொல்லித் தலைநகரம் பாதிக்கும் குறைவாகத்தான் அரிசி அனுப்பியது. ஆகவே ஒரு வீட்டில் ஆள் செத்தால் குடும்ப அட்டையில் இருந்து பெயரை வெட்டுவதில்லை என்று ஊர் முழுக்க ஒரு வழக்கம் வந்தது. ஒருவரும் கூடிப் பேசவில்லை, அதுவாகவே வந்தது. செத்தவரின் பங்கை இருப்பவர் குடித்தார். களவு என்றால் களவுதான். நானும் வெட்டவில்லை, ஆனால் மனது கேளாமல், என் பட்டியலில் அந்தப் பெயரின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகள் எனக்கு மட்டும் தெரியும்.

போர் முடிந்து நாலு வருடம் கழித்து, தலைநகரில் ஒரு கெட்டிக்காரன் எங்கள் நிவாரணப் பட்டியல்களின் பிரதிகளைத் தேடி எடுத்தான். பிரதியில் புள்ளி விழவில்லை. முதல் கிழமை சாமான் எடுத்தவர்கள் இத்தனை, கடைசிக் கிழமை எடுத்தவர்கள் அதே இத்தனை, கழித்தால் பூச்சியம். அந்தப் பூச்சியத்தைத்தான் தலைவர் அந்த வியாழக்கிழமை வானொலியில் வாசித்தார், வாசித்த கையோடு அவர்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி நிறைமதி. தவமலரின் மகள், வயது ஒன்பது. தகப்பன் கேதீஸ்வரனும் கூட வந்தான். தவமலர் அப்போது மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி, பாரம் தாங்காமல் முற்றத்தில் குந்தியிருந்துவிட்டாள். பிள்ளையின் கையில் அதே தூக்குச்சட்டி இருந்தது. சாகிற அன்று காலை மூன்று பேருக்குக் கஞ்சி வாங்க அவள் கொண்டுவந்த அதே சட்டி. அட்டையில் மூன்று பேர். கேதீஸ்வரன் தை மாதமே செத்துவிட்டான், தவமலர் சொல்லவில்லை. பிள்ளைகள் பெரியவர்களிடம் நெரிபட வேண்டாம் என்று அவர்களுக்குத் தனி வரிசை வைத்தவன் நான். தனி வரிசை கெதியாக நகரும் என்று ஊரார் எல்லாரும் பிள்ளைகளையே அனுப்பினார்கள். செல் அந்த வரிசையில் விழுந்தது. அன்று மட்டும் முப்பத்திரண்டு புள்ளி வைத்தேன்.



வந்தவர்களோடு வாழப் பழகுவது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், கூப்பிட்டால் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் அட்டையோடு சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். நிவாரணம் நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது என்று சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார்கள், அடுத்த செவ்வாயும் வந்து நின்றார்கள். கதைத்துப் பார்த்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது. குடும்ப அட்டைக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் அவர்களுக்கும் தெரிந்தது: பெயர், வயது, உறவுமுறை. நிறைமதிக்குத் தன் பெயர் தெரியும், ஒன்பது வயது என்று தெரியும், தவமலரை அம்மா என்று தெரியும். தான் வளர்த்த புள்ளிக் கோழியைத் தெரியவில்லை. முருங்கை இலைச் சுண்டலைக் கண்டால் சட்டியோடு தள்ளிவிடுகிற பிள்ளை, இப்போது வைத்ததைச் சாப்பிட்டாள். தவமலர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்: இது உன்னுடைய கோழி, இது உனக்குப் பிடிக்காது, இதற்கு நீ அழுவாய். பிள்ளை “ஓம் அம்மா” என்பாள், விடிந்தால் மறந்திருப்பாள். தவமலர் மறுபடி தொடங்குவாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பிரகாசம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஊரில் ஒருத்திக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. சுபத்திரா. அவளுடைய ஆண்பிள்ளை பதுங்குகுழிப் பங்கருக்குள் பிறந்து பதினெட்டு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் பச்சை உடம்போடு தறப்பாளுக்குள் வந்து, பால்மா கிடைக்கும், பிள்ளையையும் பட்டியலில் போடுங்கோ என்று கேட்டாள். பெயரைச் சொல்லு என்றேன். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். செல் மழைக்குள்ளும் அவள் மாமியார் அந்த வழக்கத்தை விடவில்லை. பெயர் இல்லாமல் எப்படிப் பதிவது, வைத்துவிட்டு வா என்று அனுப்பினேன். அவள் பிறகு வரவில்லை. பட்டியலில் இல்லாத பிள்ளை ஆகையால், ஒருவரும் சாகவில்லை என்று தலைவர் சொன்னபோது அது அந்த ஒருவருக்குள்ளும் அடங்கவில்லை. ஊர் முழுக்கப் பாய் விரித்த அன்று சுபத்திரா மணல் பாதையில் இருட்டும்வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் கிழமை இன்னொன்று விளங்கியது. வள்ளக்காரப் பொன்னுத்துரை, மத்தியானச் சாப்பாட்டில் தம்பியாருக்கு மீன் துண்டு வைத்துக்கொண்டே, “களப்புக்குள்ள நீ விழுந்து கிடந்ததை நான்தானேடா இழுத்துக் கரையில போட்டனான்” என்று தன் பாட்டில் சொல்லிவிட்டார். தம்பி கையைக் கழுவினார், வேட்டியை உதறிக் கட்டினார், மணல் பாதையால் போனார். அதோடு எல்லாருக்கும் விளங்கிவிட்டது: தலைவர் பொய்யைச் சொன்னால் அவர்கள் வருவார்கள், நாங்கள் உண்மையைச் சொன்னால் போவார்கள், அவ்வளவுதான். அடுத்த வியாழன் தலைவர் அதையே திரும்பச் சொன்னபோது பொன்னுத்துரையின் தம்பியும் வந்து சேர்ந்தார். அண்ணன்காரன் அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று பகிடி பண்ணுவார்கள், அது பாதி உண்மை.

அப்படித்தான் கண்டல்முனை பேசாத ஊரானது. அந்த ஐந்து மாதத்தையும் ஒருவரும் வாயால் எடுக்கவில்லை. திவசங்கள் நின்றன. சுவரில் மாலை போட்ட படங்களைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். ஐயர் பிழைப்புக்கு வேறு ஊர் பார்த்தார். முன்பெல்லாம் வெள்ளைக்கார நிருபர்கள் வந்தால் அழுது கொட்டின பெண்கள், இப்போது தேத்தண்ணீர் கொடுத்து, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று வழியனுப்பினார்கள்.

இதற்கிடையில் வெளிநாடுகள் தலைவரை விடவில்லை. பூச்சியத்தை யார் நம்புவது, ஒரு எண்ணையாவது சொல்லுங்கள் என்று நெருக்கினார்கள் போலும். ஒரு வியாழன் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற நாடுகளின் போர்களோடு ஒப்பிட்டால் இங்கே நடந்தது ஒன்றுமேயில்லை, ஊருக்கு ஏழெட்டுப் பேர் தவறியிருக்கலாம், அங்கெல்லாம் எந்தத் தலைவன் பதில் சொன்னான், நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கவில்லை, எங்கள் ஊரில் எட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். அட்டை இலக்க ஒழுங்கில் முதல் எட்டுப் பேர். முதலாம் இலக்கம் கிராம அலுவலர் விதானையாருடைய வீடு; மனைவியும் இரண்டு பெடியங்களும் கையைப் பிடித்துக்கொண்டு போக, அந்த மனிசன் வீதியில் விழுந்து கிடந்து குழறினார்.

அடுத்தது ஊருக்கு எண்பது என்று சொன்னால்? நானூறு என்று சொன்னால்? ஊர் நடுங்கியது. நாங்களே கூடி, தலைவருக்கு ஒரு மனு எழுதினோம். மேன்மை தங்கிய ஐயா, இங்கே ஒருவரும் சாகவில்லை, தயவுசெய்து பூச்சியத்திலேயே நில்லுங்கள். என் கையெழுத்து வடிவு என்று என்னையே எழுதச் சொன்னார்கள், எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் கையொப்பம் வைத்தது. சுபத்திரா மட்டும் வைக்கவில்லை. தலைவர் மனமிரங்கி மறுபடி பூச்சியம் என்றார். எட்டுப் பேரும் திரும்பினார்கள். பிறகு ஒரு நாள் அவரே கெலிகொப்டரில் வந்து இறங்கினார், மாலை போட்டோம், செல்லில் செத்த பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் நிறைமதியின் தலையைத் தடவியதை அடுத்த நாள் பேப்பரில் பார்த்தேன். பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் படத்தோடு விசாரணைக் குழுவும் வந்தது. வெளிநாட்டு வாயை அடைக்க ஒரு விசாரணை நடத்தி முடித்துவிடுவது என்று தீர்மானமாம். பள்ளிக்கூட மண்டபத்தில் காலை பத்து மணிக்கு எல்லாரும் வர வேண்டும், குடும்பத்தோடு வர வேண்டும், “எங்கள் வீட்டில் இழப்பு இல்லை” என்ற தாளில் ஒப்பமிட வேண்டும், அதோடு கதை சரி.

விசாரணைக்கு முதல்நாள் காலை சுபத்திரா கடைக்கு வந்தாள். சாமான் ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணை, உங்கட பட்டியல் கிடக்கெல்லே? புள்ளி வைச்சது.”

எனக்குத் திடுக்கிட்டது. “ஆர் சொன்னது?”

“நீங்கள் புள்ளி வைக்கிறதை நான் கண்டனான். பிள்ளையோட வந்து நிக்கேக்க மூண்டு பேருக்கு வைச்சனீங்கள்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நாளைக்குக் கொண்டு வாங்கோ. எல்லாற்ற பிள்ளையளும் சாகேல்லை எண்டு எழுதினால், என்ர பிள்ளை பிறக்கவேயில்லை எண்டு போயிடும். எனக்கு அவன் திரும்பி வர வேண்டாம் அண்ணை. செத்தவன் எண்டாவது ஆரும் எழுத வேணும்.”

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, தவமலர் வந்தாள், நிறைமதியைக் கையில் பிடித்தபடி. பிள்ளை தூக்குச்சட்டியோடு நின்றாள்.

“மனேச்சர் அண்ணை, சுபத்திரா வந்து போறதைக் கண்டனான். என்ன கேட்டவள் எண்டு எனக்குத் தெரியும்.” படியில் இருந்துவிட்டாள். “அதை எரிச்சுப்போடுங்கோ. உங்கட காலைப் பிடிக்கிறன். இன்னும் எப்பன் நாள் எண்டால் இவள் படிச்சிடுவாள் அண்ணை. நேற்றுக் கோழியைப் பார்த்துச் சிரிச்சவள்.”

“சிரிச்சவளோ தவமலர்?”

தவமலர் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். “சிரிச்ச மாதிரிக் கிடந்தது” என்றாள்.

பட்டியலை அன்று நான் எரிக்கவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை. அடுத்த நாள் காலை சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். கொடுப்பதற்கு என்று போனேன் என்று சொல்ல மாட்டேன். கோழை நான், விட்டுவிட்டுப் போகவும் பயம், அவ்வளவுதான்.

மண்டபத்தில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் ஒரே வாங்குப் பலகைகளில் நெருங்கியிருந்தார்கள். மேடையில் தலைநகரத்துச் செயலாளர், பக்கத்தில் வெளிநாட்டில் இருந்து அழைத்துவந்த ஒப்பீட்டு நிபுணர். நிபுணர் கோடுகள் வரைந்த ஒரு பெரிய மட்டையைத் தொங்கவிட்டு, தடியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். செயலாளர் தமிழில் சொன்னார். பாலைவன நாடு ஒன்றில் ஒரு ஆயுததாரிக்கு ஒன்பது பொதுமக்கள் செத்தார்கள். மலைநாடு ஒன்றில் நாலு. பெரிய வல்லரசு ஒன்று ஒரு கலியாண வீட்டையே குண்டு போட்டு அழித்தது, அதன் தலைவர் இன்றைக்கும் சுகமாக இருந்து புத்தகம் எழுதுகிறார். ஆகவே, ஒருவேளை இங்கே சிலர் செத்திருந்தால்கூட, அது உலக சராசரிக்குக் கீழேதான். மட்டையில் எங்களுடைய கோடு மிகவும் கட்டையாக இருந்தது. வடிவான நீல நிறம்.

சுபத்திரா எழும்பினாள். “ஐயா, உந்த மட்டையில பதினெட்டு நாள் பிள்ளையளுக்கு எந்தக் கட்டம்?”

செயலாளர் அவளைப் பார்க்காமல் தாளைப் புரட்டினார். “பதிவு உள்ளவர்கள் மட்டும் பேசலாம். உட்காருங்கள்.” பிறகு உதாரணக் குடும்பமாகத் தவமலரைக் கூப்பிட்டார். பேப்பரில் படம் வந்த பிள்ளை அல்லவா. கேதீஸ்வரனும் நிறைமதியும் அவளோடு மேசைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

“உன் பெயர் என்னம்மா?”

“நிறைமதி.”

“வயது?”

“ஒன்பது.”

“இவர்கள் யார்?”

“அம்மா. அப்பா.”

“நீ செத்துப்போய்விட்டதாகச் சிலர் வெளிநாட்டில் எழுதுகிறார்கள். நீ செத்தாயா?”

அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. செயலாளர் சிரித்தார், நிபுணரும் சிரித்தார். தாளைத் தவமலர் பக்கம் தள்ளி, பேனையைத் திறந்து கொடுத்தார். “இவ்விடத்தில் ஒப்பம் வையுங்கள்.” அவள் பேனையை வாங்கினாள். குனிந்தாள். அப்போது அந்த மனிதர், கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா ஒரு நல்ல வார்த்தை சொல்வோமே என்று சொன்னார்: “நல்ல பிள்ளை. அடம் பிடிக்கத் தெரியாத பிள்ளை.”

தவமலர் நிமிர்ந்தாள்.

“என்ன சொன்னனீங்கள்?”

“அமைதியான பிள்ளை என்றேன்.”

“என்ர பிள்ளை அடம் பிடிப்பாள் ஐயா.” பேனை மேசையில் உருண்டது. “என்ர பிள்ளை முருங்கை இலை தின்ன மாட்டாள். தலை வாரி இழுக்க விட மாட்டாள். ஒண்டு வேணுமெண்டால் நிலத்தில கிடந்து உருளுவாள். நீங்கள் ஆரைச் சொல்லுறியள்?”

அவள் மகளின் முன்னால் முழங்காலில் இருந்தாள். “பிள்ளை, இஞ்ச அம்மாவைப் பார். கஞ்சிக்குப் போகேக்க எனக்கு என்ன சொல்லிப்போட்டுப் போனனி?”

நிறைமதி தாயைப் பார்த்தபடி நின்றாள்.

“சொல்லு ராசாத்தி. அண்டைக்கு என்ன சொன்னனி?”

பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரியாத முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தவமலர் எழும்பினாள், செயலாளரிடம் அல்ல, எங்கள் எல்லாரிடமும் திரும்பினாள்.

“அப்பான்ர பங்கை நான் வழியிலயே குடிச்சிடுவன், அம்மா ஏசிப் பேசக் கூடாது எண்டு சொன்னவள். நான் பேசினனான். களவு குடிக்காத, கொண்டு வா எண்டு பேசினனான். அழுதுகொண்டு போனவள்.” அவள் அழவில்லை. “இவர் என்ர மனுசன். தையில செத்தவர். ஒரு அகப்பைக் கஞ்சிக்காக நான் சொல்லேல்லை. இவள் என்ர மகள். கஞ்சி வரிசையில நிண்டவளைச் செல்லடிச்சுக் கொன்றுபோட்டாங்கள்.”

கேதீஸ்வரன் ஒருதரம் அவளைக் கும்பிட்டான். பிள்ளையின் கையைப் பிடித்தான். இருவரும் வாசலால் போனார்கள், வெயிலுக்குள் போனார்கள், தூக்குச்சட்டியின் கைபிடி கிறீச்சிடுகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

“மனேச்சர் அண்ணை,” என்றாள் தவமலர், “வாசியுங்கோ.”

வாசித்தேன். சட்டைக்குள் இருந்து எடுத்து, புள்ளி உள்ள பெயர் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாங்கில் ஒருவர் எழும்பி, களப்புக் கரையில், ஆஸ்பத்திரிக் கொட்டிலில், பங்கர் வாசலில், தண்ணி அள்ளப் போன இடத்தில், வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு நடந்த பாதையில் என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழும்பி வாசலால் போக, வாங்குகள் ஒன்றொன்றாக வெறுமையாகின. பொன்னுத்துரை தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே சொன்னார். விதானையார் மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினொரு வீட்டார் சொல்லவில்லை. தங்களுடையவர்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அவர்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மத்தியானம் கழிந்தபோது நானூற்றைம்பது பெயர் முடிந்திருந்தது, என் தொண்டை கட்டியிருந்தது.

சுபத்திரா மேசையடிக்கு வந்தாள். “இன்னும் ஒண்டு.”

“பெயர்?” என்றார் செயலாளர். பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“பேர் வைக்கேல்லை. முப்பத்தொண்டில வைப்பம் எண்டு இருந்தனாங்கள்.”

“பெயர் இல்லாமல் எப்படிப் பதிவது?”

நான் அன்றைக்குச் சொன்ன அதே வசனம். பென்சிலை எடுத்து, என் பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே, சுபத்திராவின் மகன், பதினெட்டு நாள் என்று எழுதி, அதன் கீழே புள்ளி வைத்தேன். அவள் கிட்ட வந்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிக மரியாதையாகத்தான் சொன்னார்: “உங்கள் துயரம் விளங்குகிறது. ஆனால் இதை நான் ஏற்க முடியாது. நீங்கள் செத்ததாகச் சொல்லும் இத்தனை பேரையும் இன்று காலை பத்து மணிக்கு இந்த மண்டபத்தில் நானே உயிரோடு கண்டேன். வரவுத் தாளில் ஒப்பமும் இருக்கிறது. காலையில் இருந்தவர்கள் பின்னேரம் வெளியே போய்விட்டார்கள் என்பதற்குத் தலைவர் எப்படிப் பொறுப்பாவார்?” நிபுணர் மட்டையைச் சுருட்டினார். படியிறங்கும்போது, நானூற்றைம்பது என்று வைத்துக்கொண்டாலும் மலைநாட்டோடு பார்க்கக் குறைவுதான் என்று செயலாளரிடம் அவர் சொன்னதாக மொழி தெரிந்த வாத்தியார் ஒருவர் பிறகு சொன்னார்.

வீடுகளில் திரும்பவும் விளக்கேற்றினோம். படங்களைப் பெட்டியில் இருந்து எடுத்துச் சுவரில் மாட்டினோம். போன ஐயரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். ஐந்து நாள், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை ஊர் அழுது முடித்தது.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. சோறு வடிக்கிற நேரம். வானொலியில் தலைவர், விசாரணைக் குழுவின் அறிக்கை கைக்குக் கிடைத்துவிட்டது, போரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்றார். கடைப் படியில் நின்று பார்த்தேன். மணல் பாதையால் வந்துகொண்டிருந்தார்கள்.

தவமலரின் வீடு கடைக்கு முன்னால்தான். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள், நடந்து வந்தாள், படலையைச் சாத்திக் கம்பியால் கட்டினாள். நிறைமதி வெளியே வந்து நின்றாள், கையில் தூக்குச்சட்டி. தகப்பன் ஒரு அடி பின்னால்.

“அம்மா” என்றாள்.

தவமலர் படலைக்கு மேலால் கையை நீட்டி, பிள்ளையின் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டாள். அந்தக் கை எடுக்க மனமில்லாமல் அங்கேயே கிடந்தது. ஊர் முழுக்கப் படலைகள் பாதி திறந்தும் பாதி சாத்தியும் நின்றன. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள், அவள் திறந்தால் தாங்களும் திறக்கலாம் என்று. நானும் அப்படித்தான் பார்த்தேன்.

“பிள்ளை,” என்றாள் தவமலர், “உன்னைக் கொன்றுபோட்டாங்கள் ராசாத்தி. நீ கஞ்சிக்கு நிண்டனி. கொன்றுபோட்டாங்கள்.”

அடுத்த கிழமையும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த கிழமையும். இன்றைக்கும் வியாழக்கிழமைதான், சற்று முன்தான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஓம் அம்மா” என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறாள்.